முன்னோர்கள் குர்ஆனை விளங்கிக்கொண்ட முறை

 

குர்ஆனின் தமிழாக்கம் இன்று பெரும்பாலான நம் வீடுகளில் இருக்கிறது. கைப்பேசியிலும் முழுக் குர்ஆனும் பொருளோடு கிடைக்கிறது. இது அல்லாஹ் நமக்குச் செய்திருக்கும் பெரும் அருள். அதே வேளையில் இன்னொன்றையும் பார்க்கிறோம். சொத்தைப் பிரிக்க உட்காரும்போது அண்ணன் ஒரு வசனத்தைச் சொல்கிறார். தம்பி வேறொரு வசனத்தைச் சொல்கிறார். கணவன் மனைவிக்கு இடையிலான பிணக்கைப் பேசித் தீர்க்கக் கூடினால், வந்தவர்களில் ஒருவர் வசனத்தின் பாதியை ஓதிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார். முன்னும் பின்னும் இல்லாத ஒற்றை வசனம் வாட்ஸ்அப்பில் வருகிறது. படித்த கையோடு பல பேருக்குப் போய்ச் சேர்கிறது. எல்லோரும் எடுத்துக் காட்டுவது அல்லாஹ்வின் வேதத்தைத்தான். ஆனால் சொல்லப்படும் பொருள் அல்லாஹ் நாடிய பொருள்தானா என்று நின்று கேட்பவர்கள் குறைவு.

ஸஹாபாக்களும் அவர்களிடம் பாடம் படித்த தாபிஈன்களும் இதை மிகவும் அஞ்சினார்கள். கூஃபாவில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மாணவராக இருந்த மஸ்ரூக் (ரஹ்) அவர்கள், தஃப்சீர் சொல்வதில் எச்சரிக்கையாக இருங்கள், அது அல்லாஹ்வைப் பற்றி அறிவிப்பதாகும் என்று சொல்வார்கள். ஒரு வசனத்துக்கு இதுதான் பொருள் என்று நாம் சொன்னால், அல்லாஹ் இதைத்தான் நாடினான் என்று சாட்சி சொல்கிறோம். பொய்ச் சாட்சி மனிதர் மீது சொன்னாலே பெரும் பாவம். அல்லாஹ்வின் மீது சொன்னால்?

குர்ஆனை ஓதவும், அதைச் சிந்தித்து உபதேசம் பெறவும் யாருக்கும் தடை இல்லை. அல்லாஹ்வே அதைச் சிந்திக்கும்படி அழைக்கிறான் (47:24). ஆனால் ஒரு வசனத்திலிருந்து ஹலால், ஹராம் என்று சட்டம் சொல்வதும், அடுத்தவருடைய உரிமையில் தீர்ப்புச் சொல்வதும் வேறு. அதற்கு முன்னோர்கள் ஒரு முறையை வைத்திருந்தார்கள். அந்த முறையை ஐந்து தலைப்புகளில் பார்ப்போம்.

1. குர்ஆனுக்கு முதல் விளக்கம் குர்ஆனே

ஈமான் கொண்டு, தங்கள் ஈமானோடு அநீதியைக் கலந்துவிடாதவர்களுக்கே அச்சமற்ற நிலை உண்டு என்ற கருத்துள்ள வசனம் (6:82) அருளப்பட்டபோது ஸஹாபாக்கள் கலங்கிப் போனார்கள். நம்மில் தனக்குத்தானே அநீதி செய்துகொள்ளாதவர் யார் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நீங்கள் நினைப்பது போலல்ல என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தி, லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நினைவூட்டினார்கள். இணைவைத்தல் மாபெரும் அநீதி என்று அங்கே வருகிறது (31:13). அப்படியானால் இந்த வசனத்தில் 'ளுல்ம்' என்பது ஷிர்க்கைக் குறிக்கிறது. இதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சொல். அதன் பொருளை ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் நின்று தேடியிருந்தால் அந்த மக்கள் நம்பிக்கை இழந்திருப்பார்கள். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்துப் பார்த்தபோது மனம் அமைதி அடைந்தது. ஓரிடத்தில் சுருக்கமாகச் சொன்னதை அல்லாஹ் வேறோரிடத்தில் விரிவாகச் சொல்லியிருப்பான். ஓரிடத்தில் பொதுவாகச் சொன்னதற்கு வேறோரிடத்தில் நிபந்தனை இருக்கும். ஆகவே ஒரு விஷயத்தைப் பற்றிய எல்லா வசனங்களையும் ஒன்று சேர்த்துப் பார்ப்பது முதல் படியாக இருந்தது.

2. நபி (ஸல்) அவர்களின் சொல்லும் தீர்ப்பும்

குர்ஆனை மக்களுக்கு விளக்கிக் காட்டும் பொறுப்பை அல்லாஹ் தன் தூதரிடம் ஒப்படைத்தான் (16:44). தொழுகையை நிலைநாட்டும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது. லுஹருக்கு எத்தனை ரக்அத் என்பதை நபி (ஸல்) அவர்களிடமிருந்து கற்றோம். ஜகாத்தைக் கொடுக்கும்படி குர்ஆன் சொல்கிறது; வெள்ளியிலும் கால்நடையிலும் எவ்வளவு சேர்ந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அவர்களே கற்பித்தார்கள்.

இதற்கு வாரிசுரிமையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இவர்களின் தந்தை உங்களோடு உஹதில் கொல்லப்பட்டார், சொத்து முழுவதையும் இவர்களின் சிற்றப்பா எடுத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாமல் இவர்களுக்கு எப்படித் திருமணம் நடக்கும் என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பின்பு வாரிசுரிமை வசனம் (4:11) அருளப்பட்டது. உடனே அந்தச் சிற்றப்பாவுக்கு ஆளனுப்பி, மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சொத்தை 24 பங்காக்கினால் மகள்களுக்கு 16, தாய்க்கு 3, சிற்றப்பாவுக்கு 5. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருக்கிறது.

ஒரு மகள் இருந்தால் பாதி என்றும், இருவருக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றில் இரண்டு என்றும் வசனத்தின் வாசகம் அமைந்திருக்கிறது. இரண்டே மகள்கள் இருந்தால் என்ன என்ற கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பே தெளிவான விடை. வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதம் செய்திருந்தால் இந்த இரு பெண்களின் பங்கு வாதத்திலேயே கரைந்து போயிருக்கும்.

மகளுக்குத் திருமணத்தில் நகை போட்டாயிற்று, சீர் கொடுத்தாயிற்று, இனிப் பங்கு எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. தந்தை தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைந்த பிறகு மகளுக்குச் சேர வேண்டியது அல்லாஹ் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஸஅத் (ரலி) அவர்களின் மகள்களுக்காகச் சிற்றப்பாவை அழைத்துக் கேட்ட நபியின் உம்மத் நாம் என்பதை மறக்கக் கூடாது.

3. எப்போது, யார் விஷயத்தில் அருளப்பட்டது?

வசனங்கள் அருளப்பட்ட காலத்தில் ஸஹாபாக்கள் அங்கே இருந்தார்கள். எந்த மக்களின் எந்தப் பிரச்சினைக்கு வசனம் விடை தந்தது என்பதை நேரில் கண்டார்கள். ஆகவே நபி (ஸல்) அவர்களிடமிருந்து நேரடி விளக்கம் கிடைக்காத இடத்தில் தாபிஈன்கள் ஸஹாபாக்களிடம் போய்க் கேட்டார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன் உர்வா (ரஹ்) இளம் வயதில் ஒரு சந்தேகத்தோடு வந்தார். ஸஃபா, மர்வாவுக்கு இடையே சுற்றி வருவதில் குற்றமில்லை என்று வசனத்தில் (2:158) வருகிறது. அப்படியானால் சுற்றாமல் விட்டாலும் குற்றமில்லைதானே என்பது அவருடைய கேள்வி. மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும் நமக்கும் இதே கேள்வி எழக்கூடும். ஆயிஷா (ரலி) அவர்கள் இரண்டு விடை சொன்னார்கள். முதலாவது, வாசகத்தைக் கவனிக்கச் சொன்னார்கள்: நீ நினைப்பதுதான் பொருள் என்றால், சுற்றாமல் இருப்பதில் குற்றமில்லை என்றல்லவா வசனம் வந்திருக்கும்! இரண்டாவது, பின்னணியைச் சொன்னார்கள்: அன்ஸாரிகள் இஸ்லாத்துக்கு முன்பு முஷல்லல் என்னும் இடத்தில் இருந்த மனாத் சிலைக்காக இஹ்ராம் கட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்கள் ஸஃபா, மர்வாவுக்கு இடையே செல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கவே குற்றமில்லை என்ற சொல் வந்தது.

மற்றொரு நிகழ்ச்சி கான்ஸ்டான்டினோபிள் நகரின் அருகே நடந்தது. முஸ்லிம் படையில் ஒருவர் தனியாக ரோமர்களின் அணிக்குள் பாய்ந்தார். இவர் தம்மைத்தாமே அழிவில் போட்டுக்கொள்கிறார் என்று மக்கள் கூவி, அந்தக் கருத்துள்ள வசனத்தை (2:195) ஓதினார்கள். அங்கிருந்த அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களைத் திருத்தினார்கள். அது அன்ஸாரிகளான எங்கள் விஷயத்தில் அருளப்பட்டது. இஸ்லாம் மேலோங்கி உதவியாளர்கள் பெருகியபோது, இனி நாம் வீட்டோடு இருந்து நம் சொத்துகளைச் சீர்படுத்திக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அப்படி ஒதுங்கிச் சொத்தைக் காத்துக்கொண்டிருப்பதுதான் அந்த அழிவு என்று விளக்கினார்கள். அந்த வசனம் தொடங்குவதே அல்லாஹ்வின் பாதையில் செலவிடுங்கள் என்ற கட்டளையோடுதான். செலவிடுவது குறித்தே அது அருளப்பட்டது என்று ஹுதைஃபா (ரலி) அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தால் அழிந்துபோவோம் என்று மனம் சொல்கிறது. கொடுக்காமல் இருப்பதே அழிவு என்கிறது வசனம்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வசனம் ஒருவர் விஷயத்தில் இறங்கியதால் அதன் சட்டம் அவரோடு முடிந்துவிடாது. ஸஅத் (ரலி) அவர்களின் மகள்களுக்காக வந்த சட்டம் எல்லா மகள்களுக்கும் உரியது. பின்னணி, வசனம் எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவாக்குகிறது; வசனத்தைப் பழங்கதையாக்கி ஒதுக்குவதற்காக அல்ல.

4. அரபு மொழியின் வழக்கு

குர்ஆன் தெளிவான அரபு மொழியில் அருளப்பட்டது. ஆகவே அந்த மக்கள் ஒரு சொல்லை எப்படிப் புழங்கினார்கள் என்று தேடினார்கள். வானங்களையும் பூமியையும் படைத்தவன் என்ற இடத்தில் வரும் 'ஃபாத்திர்' என்ற சொல்லின் நுட்பமான பொருள் தமக்கு விளங்காமல் இருந்ததாகவும், இரண்டு கிராமத்து அரபிகள் ஒரு கிணற்றுக்காக வழக்காடி வந்தபோது ஒருவர், இதை முதலில் தோண்டத் தொடங்கியவன் நானே என்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதைக் கேட்டு விளங்கிக்கொண்டதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். கல்வி ஞானத்துக்காக நபி (ஸல்) அவர்களின் துஆவைப் பெற்றவர்கள், கிணற்றடி வழக்கிலிருந்தும் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்.

மொழி தெரிவது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. தாய் குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) பிறப்பால் அரபி. நோன்பு வசனத்தில் (2:187) வெள்ளை நூல், கறுப்பு நூல் என்று வருவதைப் படித்து, இரண்டு நிறக் கயிறுகளைத் தலையணைக்குக் கீழே வைத்து இரவில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. காலையில் நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று விளக்கம் கிடைத்தது. அரபிக்கே இப்படி என்றால், தமிழாக்கத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிடும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

சில இடங்களில் மொழியே இரண்டு பொருளுக்கு இடம் தரும். தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் இத்தா மூன்று 'குரூஉ' என்று வருகிறது (2:228). அரபியில் இந்தச் சொல் மாதவிடாயையும் குறிக்கும், தூய்மைக் காலத்தையும் குறிக்கும். உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோர் மாதவிடாய் என்றார்கள். ஆயிஷா (ரலி), ஜைத் இப்னு ஸாபித் (ரலி) போன்றோர் தூய்மைக் காலம் என்றார்கள். முதல் கருத்தை ஹனஃபீ மத்ஹபும் இரண்டாவது கருத்தை ஷாஃபிஈ மத்ஹபும் எடுத்துக்கொண்டன. தமிழகத்தில் இரண்டு மத்ஹபினரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறோம், சம்பந்தமும் செய்துகொள்கிறோம். இந்தக் கருத்து வேறுபாட்டுக்காக ஒரு ஸஹாபி மற்றொரு ஸஹாபியைக் குர்ஆனை மறுத்தவர் என்று சொன்னதில்லை. ஆதாரத்தோடு வரும் வேறுபாடு ஒன்று. ஆசைக்காக வசனத்தை வளைப்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

5. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

எண்பதாம் அத்தியாயத்தில் கனிகளோடு சேர்த்து 'அப்பு' என்ற சொல் வருகிறது (80:31). அதைப் பற்றி அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் வேதத்தில் எனக்குத் தெரியாததை நான் சொன்னால் எந்த வானம் எனக்கு நிழல் தரும், எந்தப் பூமி என்னைத் தாங்கும் என்ற கருத்தில் பதில் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் பெரும் அறிஞர் ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களிடம் ஹலால், ஹராம் பற்றிக் கேட்டால் விவரமாகப் பேசுவார்களாம். ஒரு வசனத்தின் விளக்கத்தைக் கேட்டால் காதில் விழாதது போல் மௌனமாகிவிடுவார்களாம்.

அதற்காக அவர்கள் தஃப்சீரைக் கைவிடவில்லை. தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததில் நின்றுகொண்டார்கள். முஜாஹித் (ரஹ்) அவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் குர்ஆனை மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை ஓதி, ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தஃப்சீரை இப்னு அப்பாஸ் (ரலி) நான்கு வகையாகப் பிரித்ததாகவும் அறிவிப்பு உண்டு: அரபிகள் தங்கள் மொழியறிவால் அறிவது, அறியாமல் இருக்க எவருக்கும் சலுகை இல்லாதது, உலமாக்கள் அறிவது, அல்லாஹ் மட்டுமே அறிவது. ஹிஜ்ரி 310-இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) இத்தகைய அறிவிப்புகளையெல்லாம் யார் யாரிடமிருந்து கேட்டது என்ற தொடரோடு தம் தஃப்சீரில் சேர்த்து வைத்தார்கள். இன்று நாம் இவற்றைப் பேச முடிவது அவர்களைப் போன்றோரின் உழைப்பால்தான்.

முறை தவறியபோது நடந்தது

இந்த ஐந்தும் பாடப்புத்தகத்துக்கான விதிகள் மட்டுமே என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹிஜ்ரி 37-இல் ஸிஃப்பீன் போருக்குப் பின் அலீ (ரலி) அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டபோது, அவர்களின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது. தீர்ப்பளிக்கும் அதிகாரம் அல்லாஹ்வுக்கே என்ற குர்ஆனின் சொல்லைக் (12:40) கோஷமாக்கி, மனிதர்களை நடுவராக்கிய அலீ (ரலி) அவர்கள் நிராகரித்துவிட்டார்கள் என்றார்கள். இவர்களே கவாரிஜ்கள். இரவெல்லாம் குர்ஆன் ஓதியவர்கள். நெற்றியில் ஸஜ்தாவின் தழும்பு கொண்டவர்கள். அந்தச் சொல் உண்மையானது, அதைக்கொண்டு இவர்கள் நாடுவதோ அசத்தியம் என்று அலீ (ரலி) சொன்னார்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் தனியாகப் போனார்கள். நபித்தோழர்களிடமிருந்து வருகிறேன், குர்ஆன் அவர்களிடையே இறங்கியது, அதன் விளக்கத்தை அவர்களே நன்கு அறிந்தவர்கள், அவர்களில் ஒருவரும் உங்களிடம் இல்லை என்று பேச்சைத் தொடங்கினார்கள். பிறகு குர்ஆனைக் கொண்டே குர்ஆனை விளக்கினார்கள். இஹ்ராமில் வேட்டையாடிவிட்டால் பரிகாரத்தை நேர்மையான இருவர் தீர்மானிக்க வேண்டும் என்று அல்லாஹ் சொல்கிறான் (5:95). கணவன் மனைவி பிளவுக்கு இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பச் சொல்கிறான் (4:35). ஒரு முயலின் விஷயத்தில் மனிதர்களின் தீர்ப்பு செல்லும் என்றால், முஸ்லிம்களின் இரத்தத்தைக் காக்கும் விஷயத்தில் செல்லாதா என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்த இடத்திலேயே திரும்பி வந்தார்கள்.

திரும்பாதவர்கள் முஸ்லிம்களின் இரத்தத்தை ஓட்டினார்கள். அவர்களில் ஒருவனே ஹிஜ்ரி 40-இல் அலீ (ரலி) அவர்களை வெட்டினான். நிராகரிப்பவர்களைப் பற்றி இறங்கிய வசனங்களை எடுத்து முஃமின்கள் மீது பொருத்தினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னார்கள். அவர்கள் ஓதிய வசனத்தில் ஓர் எழுத்தும் பிழை இல்லை. அதை வைத்த இடம்தான் பிழை.

நம் வீடுகளுக்கு

இன்றும் முஸ்லிமைப் பார்த்து முஸ்லிம் காஃபிர், முஷ்ரிக் என்று பதிவிடுவதைக் காண்கிறோம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மனைவியை அடக்க ஒரு வசனம், சகோதரியின் பங்கைத் தட்டிக்கழிக்க ஒரு வசனம், பக்கத்து வீட்டு அநியாயத்தைப் பார்த்தும் பேசாமல் இருக்க ஒரு வசனம் என்று தேடுபவர்கள் உண்டு. கடைசியில் சொன்னதற்கு அபூபக்ர் (ரலி) அவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள், வழிதவறியவர்களால் உங்களுக்குத் தீங்கில்லை என்ற கருத்துள்ள வசனத்தை (5:105) மக்கள் ஓதி, அதற்கு உரியதல்லாத இடத்தில் வைக்கிறார்கள் என்று உரையில் கண்டித்தார்கள். அநியாயக்காரனைக் கண்டும் அவன் கையைப் பிடித்துத் தடுக்காவிட்டால், அல்லாஹ்வின் தண்டனை எல்லோரையும் பிடித்துக்கொள்ளக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதை அறிவித்தார்கள்.

ஆகவே ஒரு வசனத்தை எடுத்துப் பேசும் முன், அல்லது அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களைப் படித்தோமா? இதே விஷயம் குர்ஆனில் வேறு எங்கே வருகிறது? நபி (ஸல்) அவர்கள் இதில் என்ன சொன்னார்கள், எப்படித் தீர்ப்பளித்தார்கள்? ஸஹாபாக்கள் இதை எப்படி விளங்கினார்கள்? விடை தெரியவில்லை என்றால் மஹல்லா ஆலிமிடம் வசன எண்ணைக் காட்டிக் கேட்போம். தெரியாதவர்கள் அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்பதும் குர்ஆனின் கட்டளைதான் (16:43). பங்கு, தலாக், ஜீவனாம்சம் போன்று இன்னொருவரின் உரிமை அடங்கிய விஷயம் என்றால் கேட்காமல் முடிவு செய்யவே வேண்டாம்.

வீட்டில் ஓதுவதற்கும் முன்னோர்களிடம் ஒரு வழி இருக்கிறது. தங்களுக்குக் குர்ஆன் கற்றுத் தந்த ஸஹாபாக்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றில் உள்ள கல்வியையும் அமலையும் அறிந்துகொள்ளும்வரை அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று அபூஅப்துர்ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அறிவிக்கிறார்கள். மஃக்ரிபுக்குப் பிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்து வசனங்களை ஓதி, நம்பகமான தஃப்சீரில் அவற்றின் விளக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் போதும். அதில் ஒன்றையாவது மறுநாள் அமலுக்குக் கொண்டுவர முயல்வோம். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது, ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, பெரியவனானபின் ஒரு வசனத்தைக் கையில் எடுத்து எவருடைய உரிமையையும் பறிக்கத் துணியமாட்டான், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் தன் வேதத்தை அதற்குரிய முறையில் விளங்கி, அதன்படி நடக்கும் நல்ல பாக்கியத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.